பிரிக்காத மாத்திரை அட்டை

காலுக்காகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு விஷயம் கேள்விப்பட்டவர்கள், "இதயத்தில் கோளாறு இருப்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று என்னை ஏதோ கெட்டிக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நான் ஒரு மண்ணையும் கண்டுபிடிக்கவில்லை. என் மகள் தர்ஷிகாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மூன்று வாரமாக வலி. எக்ஸ்ரே எடுத்து, பூசுவதற்கு ஒரு மருந்து வாங்கிக்கொண்டு பகல் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று, பாதி தைத்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். அந்த ரவிக்கைக்காரி மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவளுக்கு அப்போது பதினைந்து வயது. டி.வி.யில் பனிக்கட்டித் தரையில் பெண் பிள்ளைகள் சறுக்கி, துள்ளி, ஒற்றைக் காலில் சுழல்வார்களே, அந்த ஆட்டம்தான் அவளுடையது. எங்கள் மாத்தளையில் பனிக்கட்டி ஐஸ்கிரீம் கடைப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே இங்கே சப்பாத்துக்கு அடியில் சக்கரம். பக்கத்து ஊரான உக்குவளையில் மிளகும் கிராம்பும் கட்டி வைத்த ஒரு பழைய ஸ்டோரை வாடகைக்கு எடுத்து, சீமெந்துத் தரையை வழவழவென்று தேய்த்து, அதில்தான் ஒன்பது பிள்ளைகள் பழகினார்கள். கண்டியிலிருந்து வந்து பழக்கியவரை எல்லோரும் மெடம் என்போம். ஒரு காலத்தில் தானே வெளிநாட்டுக்குப் போய் ஆடியவர். கண்டிப்பானவர், சிரிப்பதற்குக் கணக்குப் பார்ப்பவர். அடுத்த வருடம் வெளிநாட்டுப் போட்டிக்கு இரண்டு பேரைத் தெரிவு செய்யப் போவதாகவும், அதில் ஒருத்தி தர்ஷிகாவாக இருக்கலாம் என்றும் ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன்.

அந்த ஸ்டோரில் மூட்டை நிறுக்கிற இரும்புத் தராசு ஒன்று அப்படியே கிடந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மெடம் பிள்ளைகளை அதில் ஏற்றி நிறுத்து, சுவரில் சோக்கட்டியால் எழுதுவார். பிள்ளைகள் காதுத்தோட்டைக் கழற்றி, கொண்டைக் கிளிப்பைக் கழற்றி, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வரிசையில் நிற்பார்கள். தாய்மார் நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம். தர்ஷிகாவின் எண் வாரா வாரம் இறங்கும், மெடம் தலையாட்டுவார். ஆட்டத்துக்கான உடுப்புகளை எல்லாப் பிள்ளைகளுக்கும் நான்தான் தைத்தேன். ஒரு வருடத்தில் என் மகளின் கவுனை நாலு தடவை இடுப்பில் பிடித்திருக்கிறேன். டேப்பைச் சுற்றி அளந்து, நோட்டில் எழுதி, மறுபடியும் அரை அங்குலம் பிடித்து, "பாருங்க, எவ்வளவு லட்சணமா வந்துட்டா" என்று என் கணவரிடம் பெருமையடித்திருக்கிறேன். பழைய இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிற மனுஷர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "கை குச்சி மாதிரி இருக்கே புவனா" என்றார். "உங்களுக்கு என்னங்க தெரியும்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். வெளிநோயாளர் பகுதியில் இரண்டரை மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்தோம். கூப்பிட்டது ஓர் இளம் பெண் டொக்டர். சிங்களத்தில்தான் பேசினார். எங்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, அதனால் எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதுகிறேன். அவர் காலை அழுத்திப் பார்த்தார், தர்ஷிகா பல்லைக் கடித்தாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

"முப்பத்தொன்பது" என்றார்.

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "விளையாட்டுப் பிள்ளைங்களுக்கு நாடி மெதுவாத்தான் இருக்கும்னு மெடம் சொல்லியிருக்காங்க டொக்டர்" என்றேன்.

அவர் தர்ஷிகாவின் விரல் நகங்களைப் பார்த்தார். நீலம் பாரித்திருந்தன. கன்னத்தில் பூனை மயிர் போல மெல்லிய ரோமம் வளர்ந்திருந்ததையும் அவர் தொட்டுக் காட்டிய பிறகுதான் நான் கண்டேன். "மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? கடைசியாக எப்போது?" என்று கேட்டார். தர்ஷிகா தரையைப் பார்த்தாள். "ஏதாவது மருந்து எடுக்கிறாளா?" என்று அடுத்த கேள்வி.

நான் முந்திக்கொண்டு கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். "கோயிலுக்காக இதை வாங்கினேன் டொக்டர். ஆனா குடுக்கவே இல்ல. தேவைப்படல. பிள்ளைக்கு எட்டு மாசமா அந்தக் கரைச்சலே இல்ல."

டொக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன.

அந்த அட்டையின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் ஊரில் மாசி மாதத்துத் தேர் என்றால் ஊரே அதுதான். அதற்கு முந்திய வருடம் தர்ஷிகா பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தோம். மஞ்சள் பாவாடை தைத்து, குடம் விளக்கி, எல்லாம் தயார். அன்றைக்கு விடியக்காலையில் பிள்ளை வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். அந்த நாட்களில் கோயில் பக்கம் போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம், குடத்தைத் தொடக்கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்தில், "ஒனக்கு இன்னைக்குப் பார்த்துத்தான் வரணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று மத்தியானம் சாமி படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, அடுத்த வருஷம் இப்படி ஆகாம நீதான் பார்த்துக்கணும்" என்று வேண்டினேன். என் கணவரின் அக்கா, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், சாமியை மட்டும் நம்பாமல் நாளைத் தள்ளிப்போடுகிற மாத்திரைக்கும் வழி சொன்னார். கோயில் கொடியேறினால் எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் அந்த மாத்திரை உண்டு. அடுத்த மாசிக்கு நானும் வாங்கி வைத்தேன். ஆனால் ஆவணி மாதத்தோடு பிள்ளைக்கு நின்றுபோயிருந்தது. நான் அதைத் தெய்வத்தின் கருணை என்று நினைத்தேன். தர்ஷிகா பால்குடம் எடுத்தாள். வெறுங்காலோடு, தார் ரோட்டில், தலையில் குடத்தோடு நடந்தாள். அவள் நொண்டுவதைப் பார்த்து, வெயில் சுடுகிறது என்றுதான் நினைத்தேன்.

பிள்ளை பெரியவளானபோது மண்டபம் எடுத்து, நாதஸ்வரம் பிடித்து, முந்நூறு பேருக்குச் சோறு போட்டு ஊருக்கெல்லாம் சொன்னோம். அது நின்றுபோனபோது வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டொக்டர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, இவளை இப்போதே வாட்டில் சேர்க்க வேண்டும்" என்றார். காலுக்கு எதற்கு வாட்டு என்றேன். "கால் அல்ல" என்றார். சக்கர நாற்காலி வந்தது. பெண்கள் வாட்டு வரைக்கும் நான் அதன் பின்னால் ஓடினேன், செருப்பு ஒன்று வழியில் கழன்றதைக்கூடப் பிறகுதான் கவனித்தேன்.

அன்று பின்னேரம் பெரிய டொக்டர் வந்து விளக்கினார். பொறுமையான மனுஷி. "கரண்ட் போதாமல் போனபோது நாட்டில் என்ன செய்தார்கள்? ஏரியா ஏரியாவாக வெட்டினார்கள் அல்லவா? உடம்பும் அதையே செய்கிறது. சாப்பாட்டிலிருந்து வருகிற சக்தி பயிற்சிக்கே போதவில்லை. ஆகவே முதலில் மாதவிடாயை நிறுத்திக்கொண்டது. பிறகு எலும்புக்குப் போவதைக் குறைத்தது. எலும்பில் மயிரிழை போல வெடிப்பு விழுந்திருக்கிறது, அதுதான் கால்வலி. இப்போது இதயத்துக்கும் குறைக்க ஆரம்பித்திருக்கிறது. பொட்டாசியம் என்கிற உப்பும் இரத்தத்தில் குறைந்திருக்கிறது. அது குறைந்தால் இதயத்துடிப்பு திடீரென்று தாளம் தப்பலாம்."

"தப்பினா?" என்று கேட்டார், கடையிலிருந்து ஓடி வந்திருந்த என் கணவர்.

டொக்டர் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தார். "அதற்காகத்தான் மெஷினில் போட்டு வைத்திருக்கிறோம்."

என் கணவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதுவரை எனக்குத் தெரிந்த பயமெல்லாம் பயமே இல்லை.

மெஷின் என்றால், நெஞ்சில் ஒட்டிய வயர்களிலிருந்து இதயத்துடிப்பை எண்ணிக் காட்டுகிற பெட்டி. விழித்திருக்கும்போது முப்பத்தொன்பது, நாற்பது. கண் அயர்ந்தால் முப்பத்தைந்துக்கு இறங்கும், உடனே பெட்டி கத்தும். முதல் இரண்டு நாள் அவள் தூங்கவே கூடாது என்று நான் வேண்டினேன். பெற்ற தாய், பிள்ளை தூங்காமல் இருக்கட்டும் என்று வேண்டிய கூத்து அது. பெட்டி கத்தும்போதெல்லாம் அவள் தோளைப் பிடித்து உலுக்குவேன். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடுகிற தாதி வந்து என் கையை எடுத்துவிட்டு, "தூங்க விடுங்க அம்மா, தூக்கம்தான் அவளுக்கு மருந்து. எண்ணுறது எங்க வேலை" என்பாள். எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. சுவரில் ஓடுகிற மணிக்கூட்டைப் பார்த்து அவளுடைய மூச்சை எண்ணினேன், மெஷினில் பச்சைக் கோட்டின் மேடுகளை எண்ணினேன். இரண்டு மேட்டுக்கு நடுவில் ஒரு முழு வாக்கியம் பேசிவிடலாம் போலிருந்தது.

கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. குளியலறைக்குக்கூட நாற்காலியில்தான். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் சுழன்ற பிள்ளை, பத்தடி தூரத்துக்கு நாற்காலியில் போனாள். தினமும் காலையில் இரத்தம் எடுப்பார்கள். சாப்பாடு மருந்து மாதிரி அளந்து வரும். அரைக் கோப்பைக் கஞ்சி, ஒரு பிஸ்கட், கொஞ்சம் பால். நான் கொதித்தேன். பட்டினியால் வந்த வருத்தம் என்றால் சோற்றைப் போட வேண்டியதுதானே? என் கணவரும் அப்படித்தான் நினைத்தார். இரண்டாம் நாள் மத்தியானம், அவளுக்குப் பிடித்த கோழிக் கொத்து ரொட்டியைப் பெரிய பார்சலாகக் கட்டி, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார். வாசம் ஒளியுமா? மிஸ்ஸி பாய்ந்து வந்து பறித்தாள்.

"இத குடுத்தா பிள்ள செத்துடும் ஐயா!"

அவள் கோபத்தில் சொன்னாலும் விஷயம் உண்மை. மாதக்கணக்கில் காய்ந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால், அதைச் செரிக்க உடம்பு இரத்தத்திலுள்ள உப்புகளை ஒரேயடியாக இழுத்துக்கொள்ளும், இதயம் நின்றுவிடக்கூடும் என்று டொக்டர் பிறகு விளக்கினார். அதனால்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்களாம். குறைத்தாலும் பயம், கூட்டினாலும் பயம். அன்று முழுக்க என் கணவர் வாட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல் பக்கத்தில் ஆறிக் கிடந்தது.

பக்கத்துக் கட்டிலில் உக்குவளையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். சீனி வருத்தத்தில் காலில் புண். என்னை விடப் பத்து வயது மூத்தவர், ராத்தா என்று கூப்பிட்டேன். அவருடைய வீடு அந்த ஸ்டோருக்குப் பின்பக்கம். "சக்கரச் சத்தம் கேக்கிற நேரம் எங்கட ஜன்னலெல்லாம் நடுங்கும். அந்தப் புள்ளைகள்ல ஒன்டா இது?" என்று முதல் நாளே கேட்டுவிட்டார். தர்ஷிகாவுக்குக் கஞ்சி வரும்போதெல்லாம் தன் சீனியில்லாத் தேத்தண்ணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி உட்காருவார்.

"இங்க பாரு மகள். எனக்குத் தின்ன ஆசை, குடுக்கிறாங்க இல்ல. ஒனக்குக் குடுக்கிறாங்க, நீ தின்றாய் இல்ல. நம்மட ரெண்டு பேர்ட வருத்தம் எழுதின கட்டில் துண்டையும் மாத்திப் போட்டுட்டாங்க போல. நான் ஒரு மொடக்குக் குடிக்கிறேன், நீ ஒரு வாய் குடி. யாரு முந்துறது பாப்போம்."

தர்ஷிகா சிரித்துவிட்டுக் குடிப்பாள். அந்த மனுஷியின் கைராசியை நான் மறக்க மாட்டேன்.

நாலாம் நாள்தான் எனக்கு விஷயத்தின் அடி தெரிந்தது. தலையணை உறையை மாற்றும்போது உள்ளே டிஷ்யூவில் சுற்றிய ஏழு பிஸ்கட்டுகள் இருந்தன. ஒளித்து வைத்திருந்தாள். ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். மெஷினில் எண் திடீரென்று ஏறுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் என்று மட்டும் கேட்டேன்.

"நிறை கூடினா துள்ளி ரெண்டு சுத்துச் சுத்த முடியாதும்மா. ஒரு சுத்தோட கீழ வந்துருவேன். மெடம் என்ன எடுக்க மாட்டாங்க."

"அதுக்காகச் சாகலாமா?"

"சாவேன்னு நெனைக்கல."

பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நின்னு போச்சுன்னு எனக்கு ஆரம்பத்திலயே பயமா இருந்துச்சும்மா. ஒங்ககிட்ட சொல்லணும்னு ரெண்டு தரம் வந்தேன். ஆனா நீங்க சந்தோஷமா இருந்தீங்க. அதுக்கு முந்தின தேர் அன்னைக்கு வந்ததுக்குத்தானே ஏசினீங்க. வராம இருந்தா நல்லதுன்னு நெனச்சேன்."

ராத்தா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, கேட்காதவர் மாதிரித் தஸ்பீஹ் மணியை உருட்டினார். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, வலிக்காத காலைத்தான், அழுதேன். இத்தனை நாளும் மெடத்தையும் தராசையும் மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அந்தச் சாபத்தில் பாதி எனக்கும் சேர வேண்டியது என்று தெரிந்துகொண்டேன்.

மெடம் ஆறாம் நாள் வந்தார். கையில் ஒரு பையோடு வாட்டு வாசலிலேயே நின்றார். நான் வெளியே போய்க் கதவை மறித்துக்கொண்டேன். பேச வேண்டியதை எல்லாம் ஐந்து நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"மிளகு மூட்ட நிறுக்கிற தராசு மெடம் அது" என்றேன். "அதுல ஏத்தி எம் பிள்ளைய நிறுத்தீங்க. எறங்க எறங்கத் தலையாட்டுனீங்க. உள்ள போய்ப் பாருங்க, மெஷின்ல இப்ப எத்தனன்னு. அதுக்கும் தலையாட்டுங்க."

அவர் எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவரோ சுவரில் சாய்ந்துகொண்டார். "எனக்கும் மூன்று வருடம் வரவில்லை" என்றார் மெதுவாக. "அவளுடைய வயதில். நல்லது, உடம்பு தயாராகிவிட்டது என்று அன்றைக்கு எனக்குப் பழக்கியவர் சொன்னார். நான் நம்பினேன். முப்பத்தெட்டு வயதில் என் இடுப்பெலும்பு எழுபது வயதுக்காரியின் எலும்பு மாதிரி இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். அப்போதும் எனக்கு இதோடு முடிச்சுப் போடத் தோன்றவில்லை. நல்லதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்தேன்."

ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துவிட்டது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிறங்கியதை மாடியிலிருந்து பார்த்தேன். அவர் சாய்ந்து நடப்பதை ஸ்டைல் என்று நாங்கள் தாய்மார் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவர் விட்டுப்போன பையில் தோடம்பழங்கள் இருந்தன. தர்ஷிகா பாதிப் பழம் சாப்பிட்டாள்.

எட்டாம் நாள் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற ஸ்கேனுக்காகக் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லோரும் நரைத்த தலைகள். "யாருக்கம்மா ஸ்கேன், ஒனக்கா?" என்று ஒரு கிழவர் என்னைக் கேட்டார். பிள்ளைக்கு என்றேன். அவர் தர்ஷிகாவைப் பார்த்துவிட்டு, வரிசையில் தன் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அந்தக் கருணைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. முடிவு இரண்டு நாளில் வந்தது. எலும்பு மெலிந்திருக்கிறது, வயது இருப்பதால் திரும்பக் கட்டிக்கொள்ள இடமும் இருக்கிறது, ஆனால் காலம் குறைவு என்றார்கள்.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். அப்போது விழித்திருக்கும் துடிப்பு ஐம்பத்திரண்டு. பெரிய டொக்டர் தர்ஷிகாவிடம் நேராகப் பேசினார். என்னிடம் அல்ல, அவளிடம்.

"மறுபடியும் ஆடலாம். ஆனால் உன் நிறை நான் போட்டிருக்கிற கோட்டைத் தாண்ட வேண்டும். மாதவிடாய் தானாக, மருந்து இல்லாமல், மூன்று மாதம் தொடர்ந்து வர வேண்டும். அது வந்தால் உடம்புக்குக் கரண்ட் திரும்பிவிட்டது என்று எனக்குத் தெரியும். அதுவரைக்கும் சக்கரத்தைத் தொடக் கூடாது. வராமல் போனால், சக்கரம் அல்ல, உன் எலும்பையும் இதயத்தையும் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கும்."

வீட்டுக்கு வந்த பிறகும் பயம் கூடவே வந்தது. மெஷின் இல்லாத வீட்டில் என் விரல்தான் மெஷின். காலையில் எழுந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடிப்பேன். "அம்மா, விடுங்க" என்பாள். என் கணவர் காலைச் சாப்பாட்டை அவளோடு சேர்ந்து சாப்பிடுவதற்காகக் கடைக்கு ஒரு மணி நேரம் பிந்திப் போக முதலாளியிடம் கேட்டு வாங்கினார். வெளியே எங்கேயும் பேசாத மனுஷர், மேசையில் உட்கார்ந்து கடையில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லுவார், அவள் தட்டு காலியாகும் வரைக்கும். ராத்தா புண் ஆறி வீடு போனபின், தன் மகனிடம் வாரம் ஒரு தரம் கருப்பட்டி போட்ட வட்டலப்பம் அனுப்பினார், "நான் தின்னக் கூடாது, எனக்காகவும் சேத்துத் தின்னச் சொல்லு" என்று சொல்லி. மெடம் தராசைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்த இரும்புக்காரன் என்றால், என் கணவரின் கடைதான்.

மாதங்கள் போயின. ஒன்றும் வரவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி. ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் டொக்டர் கேட்பார், தர்ஷிகா இல்லை என்று தலையாட்டுவாள், நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். சில நாள் அவள் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு அழுவாள். கவுன் இடுப்பில் இறுகியபோது ஒரு முழு நாள் அறையை விட்டு வரவில்லை. நான் போய், நாலு தடவையும் பிடித்த தையலை அவள் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்தேன். நல்ல வேளை, துணியை வெட்டாமல் உள்ளே விட்டிருந்தேன்.

மார்கழியில் வந்தது. தையில் வந்தது. மூன்றாவது மாசியில் வர வேண்டும். கலண்டரைப் பார்த்தால், தேருக்கு ஒரு வாரம் முன்னால்.

மதினிக்கு அந்தக் கணக்கு தெரிந்துவிட்டது. "அது பிந்திக் கிந்தி தேர் நாள்ல வந்து நின்னா? இந்த வருஷமும் பால்குடம் எடுக்கணுமே புவனா. பிள்ள பொழச்சதுக்கு நன்றி சொல்ல வேணாமா? அந்த மாத்திரய நாலு நாளைக்குக் குடு, ஒண்ணும் ஆகாது."

"நேத்திக்கடன நான் வேற மாதிரிக் கழிச்சுக்கிறேன் மதினி" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஆனால் குறித்த நாளில் வரவில்லை. ஒரு நாள் போனது, மூன்று நாள், ஐந்து நாள். மறுபடியும் சாப்பிடாமல் இருக்கிறாளோ என்று குப்பைவாளியைக் கிண்டினேன். தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தேன். காலையில் நாடியை மூன்று தரம் எண்ணினேன். அவள் கையை நீட்டிக்கொண்டு எனக்காகப் பொறுமையாக இருந்தாள். அவளுக்கும் பயம் என்று அப்போது புரிந்தது. கடவுளே, இரண்டு வருடத்துக்கு முன்னால் என்ன வேண்டினேனோ அதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அழுதேன்.

தேரன்று காலையில் என் கணவர் குளித்து, வேட்டி கட்டி, தேங்காய்த் தட்டோடு முன்னால் போய்விட்டார். நான் சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து "அம்மா!" என்று ஒரு கூப்பாடு. விழுந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஓடினேன், சேலை பாதி அவிழ்ந்து காலில் சுற்றியது.

கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டினாள். முகமெல்லாம் தண்ணீர்.

"வந்துருச்சும்மா" என்றாள். உடனே, பழைய பயத்தில், "தேர் அன்னைக்குத்தான் வந்துருக்கு" என்றாள்.

நான் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். தொடக் கூடாது, தள்ளி நில் என்று யாரும் சொல்ல அங்கே ஆளில்லை, இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். "இன்னைக்குப் பார்த்துத்தான் வரணும்" என்றேன். "இன்னைக்குத்தான் வரணும் எங் கண்ணு."

என் கணவருக்குப் போன் எடுத்தேன். மேளச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "எங்க நிக்கிறீங்க ரெண்டு பேரும்? தேர் கெளம்பப் போகுது!" என்று கத்தினார். நாங்கள் வரவில்லை, பிள்ளை வீட்டுக்குத் தூரம் என்று நானும் கத்தினேன். அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது. பிறகு போன் அறுந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தார். தேர் இன்னும் எங்கள் தெரு முனைக்கே வரவில்லை. கையில் வாழையிலையில் கட்டிய கோயில் பொங்கல். அந்த நாட்களில் பிரசாதத்தைக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் மேசையில் இடம் ஒதுக்கினேன். நேராகப் போய் மேசையில் அவள் முன்னால் இலையைப் பிரித்து வைத்தார்.

தர்ஷிகா முழுவதையும் சாப்பிட்டாள். ஒரு பருக்கை விடாமல், விரலை நக்கினாள். நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டே பார்த்தோம்.

"அப்பா" என்று நிமிர்ந்தாள். "இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?"

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் கோயிலுக்குத் திரும்ப ஓடினார்.